கிணறு ஊருக்குப் பொது



யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்கு வேலி தெரியாது. ஒரு வளவில் அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியா, நைத்திரேற்றாகி அயல் கிணற்றுக்கும் போய்ச் சேரும். அந்த நீரில் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. வைத்தியராகச் சொல்கிறேன்: இதற்கு மருந்து, ஊரோடு சேர்ந்து தோட்டம் பழகுவதுதான்.

எங்கள் ஊரில் சனிக்கிழமைகளில் பெண்கள் கூடுகிறோம். பூவரசங்குழை தாழ்ப்பதை ஆச்சிமார் காட்டுகிறார்கள். கூட்டெரு போடவும், கிணற்றடி நீரை வாழைக்குத் திருப்பவும், விதை எடுத்து வைக்கவும் இளையவர்கள் பழகுகிறார்கள். 1978இல் மொலிசனும் ஹோம்கிரனும் ‘பேர்மாகல்ச்சர்’ என்று எழுதியவற்றுள் பல, அந்த ஆச்சிமாரின் கைகளுக்கு முன்பே தெரிந்தவை.

கடல் கடந்த சகோதரிகளே, ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமையை எங்களுக்குத் தாருங்கள்.