கஞ்சிராவின் கும்கி கேட்கிறதா?



பாட்டுக் கேட்க டி.வி.யில் உள்ள ஸ்பீக்கரோ, கைபேசியோ, ஒரு குட்டி புளூடூத் பெட்டியோ போதும் என்று இருந்தவர்களுக்கு, இனி கொஞ்சம் நல்லதாக வாங்குவோமே என்று ஒரு நாள் தோன்றும். உடனே ஒரு தயக்கமும் வரும். லட்ச ரூபாய் போட்டால்தான் நல்ல ஒலி கிடைக்குமா? பத்து, இருபதாயிரத்துக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினால் பணம் வீணா? வீணே இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் எதைக் கேட்டுப் பார்த்து வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கான உரைகல் நம் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது: கஞ்சிரா. பஜனைகளில் ஒலித்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரும்புகழ் பெற்றவர். பலாமர வளையம், ஒரு பக்கம் இழுத்து ஒட்டிய தோல் (முன்பெல்லாம் உடும்புத் தோல்), வளையத்தின் இடைவெளியில் ஒரு ஜோடி உலோக வில்லை, வாத்தியம் அவ்வளவுதான். வாசிக்கும் முன் தோலின் உட்புறம் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவார்கள். வலக்கை அடிக்க, வளையத்தைப் பிடித்திருக்கும் இடக்கையின் விரல்கள் தோலை ஓரத்தில் அழுத்தும். அடியிலிருந்து நாதம் வளைந்து மேலேறும். அதுதான் கும்கி. கூடவே வில்லைகள் சிலீரென்று ஒலிக்கும். தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி இரண்டும் ஒரே கைக்குள் இருக்கும் வாத்தியம் இது.

கைபேசியில் ஒரு கஞ்சிரா தனியைக் கேட்டுப் பாருங்கள். விரல் தட்டும் ஓசை கேட்கும், வில்லை கேட்கும், கும்கி மட்டும் காணாமல் போயிருக்கும். அதே பதிவை ஐந்து அங்குலக் கூம்பு உள்ள சுமாரான ஜோடி ஸ்பீக்கரில் போடுங்கள். விரல் அழுத்த அழுத்த நாதம் நெளிந்து ஏறுவது புரியும். இந்த முதல் படியில் கிடைக்கும் ஆதாயம்தான் மிகப் பெரியது. அதற்கு மேல் விலை பல மடங்கு ஏறினாலும் ஒலி அந்த அளவுக்கு ஏறுவதில்லை. கடைக்குப் போகும்போது கஞ்சிராக் கலைஞர் ஜி. ஹரிசங்கர் வாசித்த பதிவு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கண்ணும் நம்மை ஏமாற்றும். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஒலி ஆய்வாளர்கள் 1994-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணெதிரே வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு மலிவான சிறிய செட், கண்ணில் பட்டதும் சரிந்தது. பெரிய, அழகான பெட்டிகள் ஏறின. ஆகவே கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்குப் போகட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது வாட் நிஜமாக இருந்தால் தாராளம். பெட்டியின் மேல் ஆயிரம் வாட் என்று போட்டிருந்தால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போவதே 24 வாட். உள்ளே போகாதது வெளியே தொடர்ந்து வராது. பி.எம்.பி.ஓ. என்ற மிகைக் கணக்கைத் தள்ளிவிட்டு, தொடர்ந்து தரும் திறனைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். ஒயருக்கும் அதிகம் செலவழிக்க வேண்டாம். பத்தடி தூரத்துக்கு வீட்டு ஒயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். சிவப்பும் கறுப்பும் மட்டும் மாறக் கூடாது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் அடி ஒலி கரைந்து, பாடுபவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போகும்.

நம் ஊர் மெக்கானிக்குகள் கட்டித் தரும் அசெம்பிள் செட்டையும் ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, ஐ.சி. போனால் மாற்றும்படி கட்டியிருந்தால், பழுதானால் தூக்கி எறிய வேண்டிய புதுப் பெட்டியைவிட அது பல வருஷம் உழைக்கும். பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். நம் வெயிலிலும் ஈரத்திலும் அது பொடிந்துபோவது சகஜம்.

குறைந்த விலை செட்டுக்கு எல்லையும் உண்டு. தவிலின் முழு வீச்சும், புதிய சினிமாப் பாட்டுகளின் ஆழ்ந்த அடி ஒலியும் சிறிய கூம்புக்குள் அடங்காது. சத்தத்தைக் கூட்டினால் நாகஸ்வரம் காதைக் குத்தும். திருமயம், அரிமளம் பக்கத்துப் பெரிய செட்டிநாட்டு வீடுகளின் கூடம் முழுக்க இசை நிறைய வேண்டுமென்றால் இது பற்றாது. அங்கே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே உத்தமம். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கம் போன்ற பழைய பதிவுகளையே பெரும்பாலும் கேட்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்வேன். பதிவில் இல்லாத ஒலியை எந்த லட்ச ரூபாய்ப் பெட்டியும் தராது. அவர்களுக்கு நடுத்தர செட்டே நிறைவு தரும்.

ஏற்கெனவே ஓரளவு நல்ல ஜோடி வைத்திருப்பவர்கள் அதே விலையில் வேறொன்றுக்கு மாறுவதால் பெரிய பலன் இல்லை. முதலில் அறையைச் சரிசெய்யுங்கள். டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். தரையில் ஒரு ஜமக்காளம் விரியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ஷோகேஸில் அடைத்த ஸ்பீக்கர்களை வெளியே எடுத்து, சுவர் மூலையை விட்டுத் தள்ளி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் கும்கி தெளிவாகக் கேட்கவில்லை என்றால் அப்போது ஸ்பீக்கரை மாற்றுங்கள். கேட்கிறது என்றால், மிச்சப் பணத்தில் நல்ல பதிவுகளை வாங்குங்கள், கச்சேரிக்கு டிக்கெட் எடுங்கள்.