பழைய குட்டியானையா? தரையைத் தட்டிப் பாருங்க

ஆடு ஏத்துறதுக்கு ஒரு பழைய டாடா ஏஸ் வாங்கணும்னு கடையநல்லூர்ல எங்க சித்தப்பா கூப்பிட்டார். 2005-ல் வந்த மாடல், நம்ம ஊர்ல குட்டியானை.

இன்ஜின் சத்தம் சுத்தம், புது பெயிண்ட் பளபளன்னு இருக்கு. எனக்கு ஓகே. சித்தப்பா பின்னாடி ஏறி ரப்பர் ஷீட்டைத் தூக்கினார். ஆட்டு மூத்திரத்துல உப்பு இருக்கு. ஷீட்டுக்கு அடியில ஈரம் காயாது, தகடு அங்கதான் அரிக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே வந்தார். நல்ல தகடு 'டங்'னு கேட்கும். ஒரு மூலையில 'பொத்'துனு கேட்டுச்சு. முனையால குத்தினார், ஓட்டை! பட்டி பூசி மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க.

அப்புறம் வண்டிக்கு அடியில படுத்தார். தகடு மட்டும் போயிருந்தா வெல்டிங்ல மாத்திடலாம். அதைத் தாங்குற குறுக்குச் சட்டமே பொரிஞ்சு உதிருது.

“ஏல, இன்ஜின் போனா வண்டிதான் நிக்கும். தரை போனா ஆட்டுக்குக் கால் போயிரும்”னார்.

வாங்கல. என் பங்குக்கு நான் எம்பரிவாகன் ஆப்ல எஃப்சி பார்த்தேன். இன்னும் எட்டு மாசம் பாக்கி இருந்துச்சு. இன்ஜினியரிங் படிச்சவன் செஞ்ச வேலை அவ்வளவுதான்.