ஒட்டிக்கொள்ளும் பூஞ்சையும் தங்கவயலின் முதியோரும்



பல் மருத்துவர்களும் செவிலியரும் ஆய்வகப் பணியாளர்களும் ஒரே அரங்கில் கூடுவது அரிது. இங்கே தலைமை ஏற்றுப் பேசுவதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஈஸ்ட் வகைப் பூஞ்சைகள் பிளாஸ்டிக்கிலும் மருத்துவக் கருவிகளிலும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதைக் கோலார் தங்கவயலில் பேசக் காரணம் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று இவ்வூர்த் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அதில் இறங்கி உழைத்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பல்செட் போட்டவர்கள், கல்தூசி அரித்த நுரையீரலோடு ஸ்டீராய்டு இன்ஹேலரை நம்பி வாழ்பவர்கள், படுக்கையில் விழுந்து சிறுநீர் வடிகுழாயோடு கிடப்பவர்கள் என்று பலர். கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை இந்த மூன்று வழியாகவும் வரும்.

மேல்தாடைப் பல்செட்டைக் கழற்றச் சொல்லி அண்ணத்தைப் பாருங்கள். செட் மூடியிருந்த இடம் மட்டும், ஓரம் பிசகாமல் சிவந்திருக்கும். பெரும்பாலும் வலி இராது. அதனால் அவர் சொல்லமாட்டார், நாமும் கேட்பதில்லை. அக்ரிலிக்கால் ஆன செட்டின் உட்பக்கத்தை யாரும் மெருகேற்றுவதில்லை. அந்தச் சொரசொரப்பில் உமிழ்நீர்ப் புரதம் படிகிறது, அதன்மேல் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற இனம் பற்றுகிறது. அண்ணத்துக்கு மட்டும் மருந்து தடவினால் மறுபடி சிவக்கும். பூஞ்சை குடியிருப்பது செட்டில்.

முதலில் பற்றுவது தனித்தனிச் செல்கள். தண்ணீரை விலக்கும் செல்பரப்பு, தண்ணீரை விலக்கும் பிளாஸ்டிக்கை நாடுகிறது. அடுத்து செல்சுவரின் பற்றுப் புரதங்கள் பிடியை இறுக்குகின்றன. ஓரிரு மணி நேரத்தில் ஒட்டிய செல்கள், ஓரிரு நாளில் இழைவிட்டு, தாமே சுரந்த பிசினுக்குள் புதைந்துகொள்கின்றன. இதுதான் உயிர்ப்படலம். அந்தப் பிசினிலுள்ள பீட்டா குளுக்கன் ஃபுளூகோனசோல் மருந்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஆய்வகத் தட்டில் மருந்துக்கு அடங்கிய பூஞ்சை நோயாளியின் குழாயில் அடங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குழாய் எதனால் ஆனது என்பதும் முக்கியம். 1994இல் ஹாசர், டக்ளஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பி.வி.சி.யோடு ஒப்பிட்டால் லேட்டக்ஸில் படலம் சற்றுக் கூடுதலாகவும், பாலியூரித்தேனிலும் தூய சிலிக்கோனிலும் மிகக் குறைவாகவும் வளர்ந்தது. மருத்துவமனைக்குக் குழாய் வாங்குபவர்கள் விலைப்பட்டியலோடு இதையும் பார்க்க வேண்டும்.

எந்தக் கேண்டிடா இனம் தாக்குகிறது என்பதில் நம் நாட்டு நிலவரம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. 2011-12இல் இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், ரத்தத்தில் கேண்டிடா பரவிய 1,400 பேரில் 41.6 விழுக்காட்டினரிடம் இருந்தது கேண்டிடா டிராபிகாலிஸ். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 45 விழுக்காடு. ஆனால் நம் மாணவர்கள் படிக்கும் ஒட்டுதல் ஆய்வுகளில் பெரும்பாலானவை அல்பிகன்ஸைப் பற்றியவை. இந்த இடைவெளி எனக்குக் கவலை தருகிறது.

அந்த ஆய்விலேயே ஐந்து விழுக்காடு அளவில் கேண்டிடா ஆரிஸ் என்ற இனமும் இருந்தது. அது ஒட்டும் விதமே தனி. 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அதன் பற்றுப் புரதம் ஒன்றைக் கண்டறிந்தார்கள். கடலடிப் பாறையைப் பற்றும் சிப்பி வகைகளைப் போல, நேர்மின்னேற்றத்தைத் துணைகொண்டு அது பற்றுகிறது. இந்தப் பூஞ்சை கட்டில் கம்பியிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வழக்கமான குவாட்டர்னரி அமோனியம் கிருமிநாசினிகள் பல இதனிடம் பலிப்பதில்லை. குளோரின் கலந்தவை தேவை.

ஆகவே நண்பர்களே, ஆய்வகத்தார் அறிக்கையில் 'ஈஸ்ட்' என்று மட்டும் எழுதி முடித்துவிடாமல் இனப்பெயரையும் எழுதுங்கள். பல் மருத்துவ மாணவர்கள் இவ்வூர் முதியோரின் செட்டிலிருந்தே மாதிரி எடுத்து ஆராயுங்கள். இரவில் செட்டைக் கழற்றி, தேய்த்துக் கழுவி வைக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். செவிலியரே, இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா என்று தினமும் மருத்துவரைக் கேளுங்கள். தேவையில்லை என்றால் அன்றே எடுத்துவிடச் செய்யுங்கள்.