பொலிகுதிரையை எதை வைத்து எடை போடுவது?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"குதிரைப் பண்ணையில இருந்தவர், அதைப் பத்தியே பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். பந்தயத்துக்கு டிப்ஸ் மட்டும் கேட்காதீங்க. அது தெரிந்திருந்தால் நான் ஏன் பென்ஷனை எண்ணிக்கொண்டு இருக்கிறேன்? பந்தயம் முடிந்த பிறகு வருகிற கேள்வியைத்தான் பேசப்போகிறேன். ஓடி ஜெயித்த தரோபிரெட், பொலிகுதிரையாக நல்ல குட்டிகளைத் தருமா?

நம்மில் பலர் மாட்டு டாக்டர்கள். பொலிகாளையை அதன் மகள்கள் கறக்கிற பாலை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்? தேறிய காளையின் உறைவிந்து ஊர் ஊராகப் போகிறது. தரோபிரெட்டில் அந்த வசதி இல்லை. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். நேரடி இணைசேர்க்கைதான். சினைக்காலம் 11 மாதம். குட்டி பந்தயம் ஓட 2 வயதாக வேண்டும். ஆக, பலன் தெரிவது நாலாவது வருஷம். விலையை மட்டும் முதல் நாளே கொடுத்தாக வேண்டும்!

இரண்டு அமெரிக்கக் குதிரைகளைப் பாருங்கள். ஃபெர்டினாண்ட், 1986 கென்டக்கி டெர்பியிலும் 1987 ப்ரீடர்ஸ் கப் கிளாசிக்கிலும் ஜெயித்தது. சண்டே சைலன்ஸ் அந்த இரண்டு பந்தயங்களையும் 1989-ல் ஜெயித்தது. இரண்டுமே அந்தந்த வருஷத்தின் சிறந்த குதிரை. இரண்டுக்கும் பயிற்சியாளர் ஒருவரே, சார்லி விட்டிங்ஹாம். பரம்பரை பார்த்தால் ஃபெர்டினாண்ட் ஒரு படி மேல். 1970-ல் இங்கிலாந்தின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற நிஜின்ஸ்கியின் மகன். சண்டே சைலன்ஸுக்குப் பின்னங்கால் கோணல். தாய்வழியிலும் பெரிய பெயரில்லை. இளங்குட்டியாக ஏலத்துக்கு வந்தபோது சொன்ன விலைக்குக்கூட ஆள் வரவில்லை.

ஓட்டம் முடிந்ததும் சண்டே சைலன்ஸை அமெரிக்கப் பண்ணையாளர்கள் பெரிதாக விரும்பவில்லை. ஜப்பானியர் ஸென்யா யோஷிதா வாங்கிக்கொண்டு போனார். 1995 முதல் 2007 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் ஜப்பானில் அதுவே முதலிடப் பொலிகுதிரை. 2005-ல் ஜப்பானின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற டீப் இம்பாக்ட் அதன் மகன்தான். ஃபெர்டினாண்டோ அமெரிக்காவில் சோபிக்காமல் 1994-ல் ஜப்பானுக்குப் போனது. அங்கேயும் குட்டிகள் தேறவில்லை.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? நான் மூன்று விஷயம் பார்ப்பேன்.

முதலில், விந்துப் பரிசோதனையோடு இணைசேரும் விருப்பம். 2002 டெர்பியில் ஜெயித்த வார் எம்ப்ளத்தை, சண்டே சைலன்ஸின் இடத்தை நிரப்பத்தான் பெருந்தொகை கொடுத்து ஜப்பானுக்கு வாங்கினார்கள். அதுவோ பெரும்பாலான பெண்குதிரைகளைத் திரும்பிப் பார்க்கவே மறுத்தது!

இரண்டாவது, குறைகளின் பொருத்தம். கோணல் கால் குதிரையைக் கண்டதும் ஒதுக்கிவிட வேண்டாம். அதே குறை இல்லாத பெண்குதிரையோடு சேர்க்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். முதல் குட்டிகள் ஓடத் தொடங்கியதும் பொலிகுதிரையை மட்டும் பார்க்காதீர்கள், தாய்களையும் பாருங்கள். குட்டியில் பாதி தாயுடையது. பேர்பெற்ற பெண்குதிரைகளை வரிசையாகச் சேர்த்தால் சுமாரான ஆண்குதிரைக்கும் புகழ் வந்துவிடும். அதே தாய்கள் வேறு பொலிகுதிரைகளுக்கு ஈன்ற குட்டிகள் எவ்வளவு சம்பாதித்தன, இதற்கு ஈன்றவை எவ்வளவு சம்பாதித்தன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் அதுதான் இந்தக் குதிரையின் சொந்தச் சரக்கு. நம்ம காளைக் கணக்கு மாதிரியேதான்.

இவ்வளவு பார்த்தும் பாதி ஊகம்தான், நண்பர்களே. தவறினால் யாருக்கு நஷ்டம்? பணம் போட்டவருக்கு மட்டுமில்லை. 2002 ஆகஸ்டில் சண்டே சைலன்ஸ் நோயுற்று இறந்தபோது ஜப்பானே துக்கப்பட்டது. அதே வருஷம், அதே நாட்டில், ஃபெர்டினாண்ட் இறைச்சிக் கொட்டிலுக்குப் போய்விட்டதாக மறுவருஷம்தான் செய்தி வந்தது. அதன் பிறகுதான் பலர் விழித்துக்கொண்டார்கள். வார் எம்ப்ளம் 2015-ல் கென்டக்கி திரும்பி, ஓய்வுபெற்ற குதிரைகளுக்கான ஓல்டு ஃப்ரெண்ட்ஸ் பண்ணையில் 2020-ல் இறக்கும்வரை நிம்மதியாக மேய்ந்தது.

ஆகவே, பொலிகுதிரை வாங்கலாமா என்று யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், விந்து அறிக்கையோடு இன்னொரு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள்: "இது தேறாவிட்டால் எங்கே வைத்துக் காப்பாற்றுவீர்கள்?" அதற்குப் பதில் வைத்திருப்பவருக்கே வாங்கச் சொல்லுங்கள்.