"ஐந்தில் வளையாதது" என்று சொன்ன பிறகு
(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுபவரின் பேச்சு யார் காதிலும் ஏறாது என்று ஒரு விதி உண்டு. யாரும் ஆய்வு செய்து கண்டுபிடித்ததில்லை, ஆனால் இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட அனுபவ விதிகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பார்வைக்கு அலுவலர் வரும் அன்றுதான் மின்சாரம் போகும். இதை மர்ஃபி விதி என்பார்கள். 1949இல் அமெரிக்காவில், இன்று எட்வர்ட்ஸ் என்று அழைக்கப்படும் விமானப்படைத் தளத்தில், ராக்கெட் வண்டியில் ஆளை உட்காரவைத்துச் சோதனை நடத்தினார்கள். அளவெடுக்கும் கருவிகளைத் தலைகீழாக இணைத்துவிட்டதால் அளவே பதிவாகவில்லை. அங்கிருந்த பொறியாளர்தான் எட்வர்ட் மர்ஃபி. தவறாக மாட்ட ஒரு வழி இருந்தால் யாராவது அப்படித்தான் மாட்டுவார்கள் என்ற பொருளில் அவர் சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அவநம்பிக்கைப் பேச்சு போலத் தெரிந்தாலும், தவறாக மாட்டவே முடியாதபடி செய் என்ற யோசனை அதற்குள் இருக்கிறது. போன பருவத் தேர்வில் 'ஏதேனும் ஐந்து' என்பதைப் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தேன். பாதி வகுப்பு பத்துக்கும் விடை எழுதி நேரத்தை இழந்தது. பிள்ளைகளைத் திட்டினேன். திட்டு வாங்க வேண்டியது வினாத்தாள்.

பார்க்கின்சன் விதி இன்னொன்று. கொடுத்த நேரம் முழுவதையும் வேலை தின்றுவிடும் என்பது. 1955இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரிட்டிஷ் கடற்படைக் கணக்கு வருகிறது. 1914க்கும் 1928க்கும் இடையில் பெரிய போர்க்கப்பல்கள் 62இலிருந்து 20ஆகக் குறைந்தன. தலைமை அலுவலக அலுவலர்களோ 2000இலிருந்து 3569 ஆனார்கள்! நாம் நிரப்பும் பதிவேடுகளை எண்ணிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

இவை சிரித்துவிட்டுப் போகலாம். நம் பழமொழிகள் அப்படியில்லை. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்கிறோம். அதே வாயால் "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்கிறோம். எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்வது என்பதை அன்றைய நம் மனநிலைதான் முடிவு செய்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். முதல் பாடவேளை கணக்கு, தினமும் தூங்குவான். பெற்றோர் கூட்டத்தில் அவன் அம்மாவிடம், வகுப்பு முழுக்கக் கேட்க, ஐந்தில் வளையாதது பழமொழியைச் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. மறுவாரம் முதல் பையன் வரவில்லை. பத்து நாள் பொறுத்து வீட்டுக்குப் போனேன்.

மல்லிகையை மொட்டு விரியுமுன் பறிக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச்சோடு தோட்டத்தில் இறங்குகிறான். பறித்து, சந்தைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, குளித்துப் பள்ளிக்கு ஓடி வந்திருக்கிறான். இது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்த அம்மா கோபப்படவில்லை. "நீங்களே சொல்லிட்டீங்களே டீச்சர், இனிமே வளையாதுன்னு. படிச்சவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்? அதான் பூவுக்கே போகட்டும்னு விட்டுட்டோம்" என்றார்.

பி.எட். படித்தபோது ரோசந்தால், ஜேக்கப்சன் ஆய்வைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையின் வளர்ச்சியை மாற்றுமா என்பது பற்றி 1968இல் வெளிவந்தது அது. அதன் முடிவுகள் எவ்வளவு உறுதியானவை என்று பிறகு பலர் வாதிட்டார்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வாதம் எதுவும் தோன்றவில்லை.

அந்தத் தெருவுக்கு நான்கு முறை நடந்தேன். நான்காவது முறை, சொன்னது தவறு என்று அவன் அம்மாவிடமும் அவனிடமும் சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை, திங்கட்கிழமை வந்தான். தலைமையாசிரியரிடம் கேட்டுக் கணக்கை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றிக்கொண்டேன். முதல் பாடவேளை இப்போது உடற்கல்வி. அதிலும் சில நாள் வேப்பமரத்தடியில் தூங்கிவிடுகிறான். உடற்கல்வி ஆசிரியர் எழுப்புவதில்லை.