பள்ளியான வீடும் வீடான பள்ளியும்



தமிழைக் கூடியிருந்து கற்போர் அவை இது. கல்வி எந்தக் கூரையின்கீழ் நடந்தது, அக்கூரை பின்னர் என்னவாயிற்று என்னும் வினா இந்தப் பத்தாம் ஆண்டு விழாவுக்குப் பொருத்தமானதே.

திருவண்ணாமலையின் தேரடித் தெருவிலோ திருவூடல் தெருவிலோ பழைய வீடு என்றவுடன் நினைவுக்கு வருவது திண்ணை. தெருவினின்று இரண்டு மூன்று படி உயர்ந்த மேடை. அதன் விளிம்பில் மரத்தூண்கள். தூண்களின்மேல் தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை. சுவரில் விளக்கு மாடம். வீட்டுக்காரருக்கு உரியது, ஆயினும் தெருவுக்குத் திறந்தது. 14 கிலோமீட்டர் மலைவலம் வந்த கால்கள் இளைப்பாறியதும் இத்தகைய திண்ணைகளில்தான்.

தமிழகத்து ஊர்களில் இதே திண்ணை பள்ளியாகவும் விளங்கிற்று. தனிக் கட்டடம் வேண்டியதில்லை. மணலைப் பரப்பினால் அதுவே எழுதுபலகை. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். ஆசிரியர் மேற்பார்வை செய்வார். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் தொகுக்கப்பெற்ற கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர். அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. முதல் இரண்டு எண்களைப் பெருமையோடு உரைப்போர் மூன்றாவது எண்ணையும் உடன் உரைத்தல் வேண்டும். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் பலருக்கோ இரண்டு படித் திண்ணை எட்டாத உயரமாகவே இருந்தது.

இத்திண்ணைப் பள்ளிக்கு ஓர் அயல்நாட்டு வரலாறும் உண்டு. ஸ்காட்லாந்தில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதையர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். அக்கால ஆங்கிலேயர் மலபார்ப் பள்ளி என்று குறித்த உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். அதனைத் தம் விடுதியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்து தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் அம்முறையையே கைக்கொண்டது. அதன் பெயர் 'மதராஸ் முறை'.

முறை மாறினால் கட்டடமும் மாறும். ஆசிரியர் ஒருவர், மாணவர் நூற்றுக்கணக்கினர், அனைவரும் ஒருவர் பார்வையில் இருத்தல் வேண்டும். ஆகவே தடுப்பற்ற நீண்ட கூடம் ஒன்றே போதியதாயிற்று. எழுதும் சாய்பலகைகள் சுவரோரமாக அமைந்தன. நடுவிடம் காலியாக விடப்பட்டு, பிள்ளைகள் அங்கே சதுரம் சதுரமாக நின்று பாடம் ஒப்பித்தனர். 1833இல் நாடாளுமன்றம் பள்ளிக் கட்டடங்களுக்கு 20,000 பவுன் ஒதுக்கியது. 1841ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கிழார்கள் ஓர் ஏக்கர் வரை பள்ளிக்கு நிலம் அளிக்க வழி செய்தது. விக்டோரியா அரசியின் காலத்தில் கிராமந்தோறும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. செங்குத்தான கூரை, முகட்டில் சிறு மணிக்கூடு, கூர்முனைச் சன்னல்கள், பல பள்ளிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வாயில்கள், ஒட்டினாற்போல ஆசிரியர் குடியிருப்பு என்பன அவற்றின் இலக்கணம். சன்னலின் அடிவிளிம்பு பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கும். வெளிச்சம் வரும், வெளியுலகம் தெரியாது. திண்ணைப் பிள்ளையோ தெருவைப் பார்த்துக்கொண்டே படித்தவன்!

இருபதாம் நூற்றாண்டில் கிராமங்களில் பிள்ளைகள் குறைந்தனர். சிறு பள்ளிகள் பல மூடப்பட்டன. கட்டடங்கள் விற்கப்பட்டு வீடுகளாயின. அவற்றுள் பல, 1947ஆம் ஆண்டின் நகர் நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தில் வேர்கொண்ட பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்ற, உரிமையாளரே ஆயினும் இசைவு பெறவேண்டும். உட்புறமும் அக்காவலுக்கு உட்பட்டது. இசைவின்றி மாற்றுதல் தண்டனைக்குரிய குற்றம். உயர்ந்த கூடத்தின் இடையே ஒரு தளம் போட்டால் இரண்டு அறைகள் கிடைக்கும். ஆனால் அத்தளம் நெடிய சன்னலைக் குறுக்கே வெட்டிவிடும், கூரையின் மரச்சட்டங்களும் மறையும். எனவே கூடத்தைக் கூடமாகவே விட்டு, பழைய ஆசிரியர் குடியிருப்பில் படுக்கையறை அமைத்துக்கொள்வோர் உண்டு. கூடத்தின் உயரம் காக்கப்பட்டது. ஆயினும் ஊருக்குப் பொதுவாக இருந்த வாயில் ஒரு குடும்பத்தின் கதவாயிற்று.

திண்ணையின் கதை இதற்கு நேர்மாறானது. தனிவீடு தன் ஒரு பகுதியை ஊருக்குக் கொடுத்த வடிவம் அது. அதன் பயிற்றுமுறையைக் கடல்கடந்து கொண்டுசென்ற நாட்டில், அம்முறையின் வழிவந்த கூடத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது. மூலமான திண்ணைக்கோ காவல் இல்லை. தமிழ்நாட்டில் 2012இல் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது உண்மை. எனினும் கோயிலும் கோட்டையும் எளிதில் மரபாகும். தெருவோரத் திண்ணை அவ்வளவு எளிதில் ஆவதில்லை. அதனை அழிக்க இடிக்கவும் வேண்டியதில்லை. சாலையின்மேல் சாலை போடப் போட, தெரு உயர்கிறது; மூன்று படித் திண்ணை ஒரு படியாகிறது; மழைநீர் உள்ளே வருகிறது. பின்னர் இரும்புக் கம்பிக் கதவு, அதன்பின் கடை.

எல்லாத் திண்ணைகளையும் காத்தல் இயலாது. பழைய வேலிகளோடு காத்தல் கூடவும் கூடாது. எட்டாத உயரமாக இருந்ததை எவரும் அமரும் இடமாக்கினால்தான் அது காக்கத் தக்கது. இலக்கிய வட்டம் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் எஞ்சியுள்ள திண்ணை ஒன்றினைத் தேர்ந்து, அதன் நீளம், அகலம், உயரம், தூண்கள், மாடம், அங்கே அமர்ந்தவர், அமர ஒட்டாது தடுக்கப்பட்டவர் ஆகிய அனைத்தையும் வீட்டாரின் இசைவோடு எழுதி வைத்தல் வேண்டும். பதினோராம் ஆண்டுக் கூட்டம், இசையும் ஒரு வீட்டின் திண்ணையிலேயே நடைபெறட்டும். அன்று அப்படிகளில் ஏறுவதற்கு எவருக்கும் தடை இருத்தலாகாது.