ஒருநாள் வெயிலும் முப்பதாண்டுக் கணக்கும்

 

காலநிலை மாற்றத்தை மக்கள் எதைக்கொண்டு நம்புகிறார்கள், எதைக்கொண்டு மறுக்கிறார்கள் என்று ஆராயவே இம்மாநாட்டில் கூடியிருக்கிறோம். கற்ற அறிவைக்கொண்டு என்று விடைசொல்ல ஆசைதான். ஆய்வுகள் வேறு விடை தருகின்றன.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யே லி, எரிக் ஜான்சன், லிசா ஸாவல் ஆகியோர் அமெரிக்க, ஆஸ்திரேலிய மக்களிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. இன்று வழக்கத்தைவிட வெப்பம் அதிகம் என்று கருதியவர்கள் புவி வெப்பமாதலைக் கூடுதலாக நம்பினார்கள். அதைத் தடுக்கும் பணிக்குக் கூடுதலாக நன்கொடையும் தந்தார்கள். 2014-இல் வந்த தொடராய்வு காரணத்தை விளக்கியது. உலகின் நீண்டகாலப் போக்கு எளிதில் மனத்துக்கு எட்டாது. உடம்பில் உறைக்கும் வெயில் உடனே எட்டும். ஆகவே மனம் அதையே சான்றாக எடுத்துக்கொள்கிறது. இன்று வெயில் கடுமை என்றால், கடந்த காலத்திலும் அத்தகைய நாள்கள் பல இருந்ததாக நினைவே மிகைப்படுத்திச் சொல்கிறது.

2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனி உருண்டையை அவைக்குள் கொண்டுவந்து, புவி வெப்பமாதலுக்கு எதிரான சான்றாகக் காட்டினார். அதற்கு முந்தைய 2014-ஆம் ஆண்டோ, அதுவரை பதிவானவற்றுள் உலகின் மிக வெப்பமான ஆண்டு. வாஷிங்டனின் பனியும் உண்மை, உலகின் வெப்பப் பதிவும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்ததே பிழை. கடும் வெயிலைமட்டும் காட்டி நம்பவைக்க முயல்வோரும் இதை உணரவேண்டும்: ஒரு வெயில் நாளில் வந்த நம்பிக்கை ஒரு குளிர் நாளில் போய்விடும்.

இதனினும் கவலை தருவது 2019-இல் பிரான்சஸ் மூர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கர்களின் இருநூறு கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். இரண்டு முதல் எட்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்த வானிலையையே மக்கள் 'வழக்கம்' என்று கொள்கிறார்கள். அசாதாரண வெப்பம் மீண்டும் மீண்டும் வந்தால் அதைப்பற்றிப் பேசுவது நின்றுவிடுகிறது. அது தரும் துன்பம் நிற்பதில்லை. வானிலையாளர்கள் காலநிலையை முப்பதாண்டுச் சராசரியால் அளக்கிறார்கள்; மனித நினைவு அவ்வளவு தூரம் தாங்குவதில்லை.

நினைவு தாங்காத இடத்தில் பதிவேடு தாங்கும். சென்னையில் 1792-இல் வானாய்வகம் அமைந்தது. நம்மிடம் இருப்பது இருநூறாண்டு கடந்த வானிலைப் பதிவு மரபு. ஆனால் 2015-இல் வெள்ளத்தையும் 2019-இல் வறண்ட ஏரிகளையும் கண்ட சென்னைவாசியின் எண்ணம் எப்படி மாறியது என்று தமிழில் விரிவாகக் கேட்டறிந்தோமா?

எனவே இரண்டு வேண்டுகோள்கள். உழவரிடமும் மீனவரிடமும் கருத்தறியச் செல்லும் ஆய்வாளர்கள், அன்றைய வெப்பநிலையையும் வினாத்தாளில் குறித்துவையுங்கள். அது இல்லாமல் விடைகளை எடைபோட முடியாது. கத்திரி வெயிலைப் பற்றி எழுதுவோரும் கற்பிப்போரும், அன்றைய அளவின் பக்கத்திலேயே அவ்வூரின் முப்பதாண்டுச் சராசரியைத் தவறாமல் சொல்லுங்கள். மக்களின் அனுபவத்தை இகழாமல், அதற்குத் துணையாகக் கணக்கைச் சேர்ப்பதே அறிவுலகின் கடமை. அக்கடமையை நிறைவேற்றும் கட்டுரைகளை எதிர்நோக்கி இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.